கிரியேட்டின் டப்பா முதல் கீமோ மருந்து வரை: சாப்பாடு உடம்பில் எப்படி சக்தியாகிறது என்று தேடிய சென்னை மாணவர் சுப்பாராவ் யார்?

பட்டினப்பாக்கம் கடற்கரையில் காலையில் ஓடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். நிதானமாக ஓடிக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு சின்ன தூரத்துக்கு முழு வேகம் எடுப்பார்கள். அந்தச் சில விநாடிகளுக்கு காலுக்குச் சக்தி எங்கிருந்து வருது? கிளம்பும் முன் குடித்த காபியில் இருந்தா? சாப்பிட்ட வாழைப்பழத்தில் இருந்தா?

இரண்டும் இல்லை. தசைக்குள் ஏற்கெனவே தயாராக இருக்கும் பாஸ்போகிரியேட்டின், ஏடிபி என்ற இரண்டு பொருட்களில் இருந்துதான் வருது. 1920-களில் இந்த இரண்டையும் கண்டுபிடித்த ஆய்வில் பாதிப் பங்கு, அந்தக் கடற்கரையில் இருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் படித்த ஒருவருக்கு உண்டு.

அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ். ஃபோலிக் அமில மாத்திரை, புற்றுநோய்க்கான மெத்தோட்ரெக்ஸேட், யானைக்கால் நோய்க்கான மாத்திரை எனப் பல மருந்துகளின் பின்னணியில் அவர் இருக்கிறார். நோபல் பரிசு கிடைக்கவில்லை. சென்னையிலேயே பலருக்கு இந்தப் பெயர் தெரியாது.

யார் இவர்? அவர் கண்டுபிடித்ததற்கும் நாம் தினமும் சாப்பிடுற சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம்? விரிவாகப் பார்க்கலாம்.

பீமவரம் டு திருவல்லிக்கேணி

சுப்பாராவ் பிறந்தது 1895 ஜனவரி 12-ம் தேதி, இன்றைய ஆந்திராவில் இருக்கும் பீமவரத்தில். அப்போது அது மெட்ராஸ் மாகாணம். அப்பா ஜகன்னாதம், அம்மா வெங்கம்மா. ஏழு பிள்ளைகளில் ஒருவர். வீட்டில் வறுமை.

சின்ன வயதில் படிப்பில் பெரிய ஆர்வம் இல்லை. 13 வயது வாக்கில் வீட்டை விட்டே ஓடினார். காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரர் ஆகிவிடலாம் என்பது திட்டம். அம்மா விடவில்லை. பிடித்து இழுத்து வந்து மறுபடியும் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தார்.

மெட்ரிகுலேஷன் தேர்விலும் உடனே வெற்றி கிடைக்கவில்லை. மூன்றாவது முயற்சியில்தான் பாஸ் ஆனார். அதுவும் சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்த பிறகு. அடுத்து மெரினாவுக்கு எதிரே இருக்கும் பிரசிடென்சி கல்லூரி. அங்கே கணிதத்தில் பிரகாசித்தார்.

ஆனால் மனசு வேறு பக்கம் போனது. துறவியாகி ராமகிருஷ்ணா மிஷனில் சேர ஆசைப்பட்டார். மயிலாப்பூரில் இன்றும் இருக்கும் ராமகிருஷ்ண மடம் அப்போது அங்கே வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தது. அம்மாவோ சம்மதிக்கவில்லை. அம்மாவின் சம்மதம் இல்லாமல் துறவு கிடையாது என்பது மிஷனின் நிலை. மருத்துவம் படித்தால் மக்களுக்குச் சேவை செய்யலாம் என்ற யோசனையும் அங்கிருந்தே வந்தது.

1915-ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கையில் பணம் இல்லை. நண்பர்கள் உதவினார்கள். கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி என்பவரும் படிப்புச் செலவில் கைகொடுத்தார். அவருடைய மகள் சேஷகிரியைத்தான் 1919-ல் சுப்பாராவ் திருமணம் செய்துகொண்டார்.

கதர் உடையால் பறிபோன பட்டம்

அது காந்தியின் காலம். அந்நியத் துணிகளைப் புறக்கணிக்கச் சொன்னதை சுப்பாராவ் அப்படியே எடுத்துக்கொண்டார். அறுவை சிகிச்சை வகுப்புக்கே கதர் உடையில் போனார். அறுவை சிகிச்சைப் பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை.

விளைவு? எழுத்துத் தேர்வில் நன்றாகச் செய்தும், முழு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதற்குக் கீழான எல்.எம்.எஸ். தகுதி மட்டுமே கொடுத்தார்கள். அரசு மருத்துவப் பணிக்கும் முயன்று பார்த்தார். கதவு திறக்கவில்லை.

கடைசியில் வேலை கொடுத்தது சென்னையில் டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரி. அங்கே உடற்கூறியல் விரிவுரையாளர் ஆனார். இந்த லட்சுமிபதியின் மனைவிதான் சுதந்திரப் போராட்ட வீரர் ருக்மிணி லட்சுமிபதி. எழும்பூரில் அவர் பெயரில் சாலை இருக்கிறது.

எட்டு நாளில் இரண்டு மரணம்

அமெரிக்கா போவதற்கு முன்பே சுப்பாராவை உலுக்கிய சம்பவம் ஒன்று உண்டு. அவருடைய சகோதரர்கள் இருவர், எட்டே நாள் இடைவெளியில் இறந்துபோனார்கள். காரணம், டிராபிகல் ஸ்ப்ரூ என்ற குடல் நோய். ஆயுர்வேதம் கிரகணி என்று சொல்வதற்கு நெருக்கமான நோய் இது.

இந்த நோய் வந்தால் என்ன ஆகும்? சாப்பாடு இருக்கும், ஆனால் உடம்பில் ஒட்டாது. சிறுகுடலின் உள்சுவர் சிதைந்து, சத்துகளை உறிஞ்சும் வேலையைச் செய்யாது. வயிற்றுப்போக்கு நிற்காது. ரத்தம் குறையும். உடம்பு இளைத்துக்கொண்டே போகும். நிறைய சாப்பிட்டாலும் ஒருவகையில் பட்டினிதான்.

இது அந்தக் காலத்தோடு போன நோயும் அல்ல. 1960-களின் தொடக்கத்தில் வட ஆற்காடு பகுதி கிராமங்களில் கொத்துக்கொத்தாகப் பரவியது. வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் அப்போது செய்த ஆய்வுகள்தான் இந்த நோய் பற்றி உலகத்துக்கு நிறையச் சொல்லிக்கொடுத்தன.

சுப்பாராவ் காலத்தில் இதற்கு மருந்து கிடையாது. ஏன் வருகிறது என்பதும் தெரியாது. சாப்பாடு வயிற்றுக்குள் போன பிறகு என்னதான் நடக்கிறது என்ற கேள்வி, அவருக்கு வெறும் பாடப்புத்தகக் கேள்வியாக இருக்கவில்லை.

பாஸ்டனில் இரவு வேலை

காக்கிநாடாவில் இருந்த மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளையும் மாமனாரும் உதவ, சுப்பாராவ் கப்பல் ஏறினார். 1922 அக்டோபரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார். ஹார்வர்டில் வெப்பமண்டல நோய்கள் பற்றிய படிப்பில் சேர்ந்தார்.

அவருடைய எல்.எம்.எஸ். தகுதியை வைத்து அங்கே மருத்துவராக வேலை செய்ய முடியாது. சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் வழி வேண்டும். பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் இரவுநேர ஊழியர் வேலை கிடைத்தது. நோயாளிகளின் பெட்பேன்களைக் காலி செய்து கழுவி வைக்கும் வேலை. சென்னையில் கல்லூரி விரிவுரையாளராக இருந்தவர், அதை மறுக்காமல் செய்தார்.

படிப்பு முடிந்ததும் ஹார்வர்டின் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்ற பேராசிரியரிடம் சேர்ந்தார். அங்கேதான் வாழ்க்கை மாறியது.

நீல நிறம் காட்டிக்கொடுத்த ரகசியம்

ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்குன்னு துல்லியமாக அளக்க, அன்றைக்கு எளிய வழி இல்லை. ஃபிஸ்கும் சுப்பாராவும் ஒரு முறையை உருவாக்கினார்கள். மாதிரியில் சில ரசாயனங்களைச் சேர்த்தால் நீல நிறம் வரும். நிறம் அடர்த்தியாக இருந்தால் பாஸ்பரஸ் அதிகம். வெளிறி இருந்தால் குறைவு. அவ்வளவுதான்.

1925-ல் வெளியான இந்த ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை, உலகம் முழுக்க ஆய்வகங்களில் பல பத்தாண்டுகள் பயன்பட்டது. உயிர்வேதியியல் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் பரிச்சயம்.

அடுத்த கண்டுபிடிப்பு ஒரு சந்தேகத்தில் இருந்து வந்தது. தசையில் இருந்து எடுத்த சாற்றைச் சோதித்தபோது, நீல நிறம் உடனே முழுசா வரவில்லை. மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. அப்படின்னா பாஸ்பரஸ் வேறு ஏதோ ஒன்றோடு ஒட்டிக்கொண்டிருந்து, மெல்ல உடைந்து வெளியே வருகிறது என்று அர்த்தம். அந்த இன்னொன்று எது என்று தேடியபோது கிடைத்ததுதான் பாஸ்போகிரியேட்டின். 1927-ல் அறிவித்தார்கள். பிரிட்டனில் எக்கிள்டன் தம்பதியும் அதே சமயத்தில் தனியாக இதே பொருளை நெருங்கியிருந்தார்கள்.

1929-ல் இன்னும் பெரிய விஷயம். தசையில் இருந்து ஏடிபி என்ற பொருளைப் பிரித்தெடுத்ததாக ஃபிஸ்கும் சுப்பாராவும் வெளியிட்டார்கள். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமான் என்பவரும் தனியாக அதைக் கண்டுபிடித்திருந்தார்.

இதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? தசை வேலை செய்வதற்கும் லாக்டிக் அமிலத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த ஹில், மேயர்ஹாஃப் இருவருக்கும் 1922-க்கான நோபல் பரிசு கொடுக்கப்பட்டிருந்தது. லாக்டிக் அமிலம் உருவாவதுதான் தசையை இயக்குகிறது என்று அன்றைக்கு நம்பினார்கள். பாஸ்பரஸ் கலந்த இந்தப் பொருட்கள் வந்ததும், அடுத்த சில வருடங்களில் அந்த நம்பிக்கை தலைகீழாக மாறியது.

ஏடிபி என்றால் என்ன? சிம்பிளா ஒரு விளக்கம்

உங்கள் கையில் இருக்கும் செல்போனையே எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் அனல்மின் நிலையத்தில் இருந்து வந்தாலும், போன் ஓடுவது உள்ளே இருக்கும் பேட்டரியில்தான். உடம்பிலும் அப்படித்தான். சோறு, இட்லி, மீன், எண்ணெய் எதுவாக இருந்தாலும் செல் அதை நேரடியாகப் பயன்படுத்த முடியாது. முதலில் ஏடிபி என்ற பேட்டரியில் ஏற்ற வேண்டும்.

ஏடிபி-யில் வால் மாதிரி மூன்று பாஸ்பேட்டுகள் இருக்கும். அதில் ஒன்று கழன்றால் சக்தி கிடைக்கும். மிச்சம் இருப்பது ஏடிபி அல்ல, ஏடிபீயின் சார்ஜ் போன வடிவம். அதில் மறுபடியும் ஒரு பாஸ்பேட் சேர்ந்தால் திரும்பவும் சார்ஜ் ஆகிவிடும்.

உடம்பில் ஒரு நேரத்தில் இருக்கும் ஏடிபி மிகக் கொஞ்சம். ஆனால் அதே பேட்டரி திரும்பத் திரும்ப சார்ஜ் ஆவதால், ஒரு நாளில் நாம் செலவழிக்கும் ஏடிபி-யை மொத்தமாகக் கூட்டினால் கிட்டத்தட்ட நம் உடல் எடை அளவுக்கு வரும்.

பாஸ்போகிரியேட்டின் எதற்கு? அது பவர் பேங்க். திடீரென ஓடும்போது, கனமான சிலிண்டரைத் தூக்கும்போது, ஏடிபி தீர்ந்துபோகாமல் சில விநாடிகளுக்கு உடனடி சார்ஜ் கொடுக்கும். அதனால்தான் முழு வேக ஓட்டத்தை யாராலும் ரொம்ப நேரம் தொடர முடிவதில்லை.

அதற்கு மேல் ஓட வேண்டுமானால் சாப்பாட்டில் இருந்து வந்த குளுக்கோஸும் கொழுப்பும் எரிய வேண்டும். ஆக்சிஜன் இல்லாமல் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு உடைந்தால் லாபம் 2 ஏடிபி மட்டுமே. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனோடு முழுசா எரிந்தால் சுமார் 30 கிடைக்கும்.

வயிறு நிறைந்தாலும் செல் பட்டினி கிடக்குமா?

கிடக்கும். அடுப்பில் விறகு இருந்தால் மட்டும் போதாது, தீக்குச்சியும் வேணும். மாவுச்சத்தும் கொழுப்பும் விறகு என்றால், பி வகை வைட்டமின்கள்தான் தீக்குச்சி. மில்லிகிராம் கணக்கில்தான் தேவை. ஆனால் இல்லாமல் போனால் வேலை நின்றுவிடும்.

பி1 இல்லாவிட்டால் குளுக்கோஸ் பாதி வழியில் நின்றுவிடும், மைட்டோகாண்ட்ரியாவில் முழுசா எரியாது. பி2, பி3 இல்லாவிட்டால் எரிந்ததில் கிடைத்த சக்தியைச் சுமந்து செல்ல ஆள் இருக்காது. பி5 என்ற பான்டோதெனிக் அமிலம் இல்லாவிட்டால் மாவுச்சத்து, கொழுப்பு இரண்டுமே கடைசிக் கட்ட எரிப்புக்குத் தயாராகாது. இந்த பி5 பற்றியும் சுப்பாராவ் ஆய்வு செய்தார். 1939-ல் ஜார்ஜ் ஹிட்சிங்ஸுடன் சேர்ந்து அதுபற்றிக் கட்டுரை வெளியிட்டார்.

இதற்கு நம் ஊர் உதாரணம் பெரிபெரி நோய். கால் மரத்துப்போகும், வீங்கும், இதயம் பலவீனமாகும். சுப்பாராவ் பிறந்த கடலோர ஆந்திரா பக்கம் அந்தக் காலத்தில் இந்த நோய் அதிகம். நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசியையே நம்பி இருந்ததுதான் முக்கியக் காரணம். நெல்லின் தவிட்டோடு பி1-ம் போய்விடும். நீலகிரியின் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் 1920-களில் நடத்திய உணவு ஆய்வுகளில் இதுவும் ஒன்று. அந்த ஆய்வகம்தான் வளர்ந்து, பிறகு ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

புழுங்கல் அரிசி சாப்பிட்ட பகுதிகளில் பெரிபெரி குறைவு. நெல்லை ஊறவைத்து வேகவைக்கும்போது, தவிட்டில் இருக்கும் பி1-ல் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடும். அப்புறம் தீட்டினாலும் முழுசா போகாது.

ஹார்வர்டில் கிடைக்காத நாற்காலி

1930-ல் சுப்பாராவுக்கு ஹார்வர்டில் பிஎச்.டி. பட்டம் கிடைத்தது. ஆனால் நிரந்தரப் பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. ஏடிபி ஆய்வின் பெருமையும் பெரும்பாலும் ஃபிஸ்க் பக்கமே போனது. சுப்பாராவ் செய்த சில வேலைகள் வெளியே வராமல் போனதாகவும், பிறகு மற்றவர்கள் அவற்றை மறுபடி கண்டுபிடிக்க வேண்டியிருந்ததாகவும், அவரோடு வேலை செய்த ஹிட்சிங்ஸ் பிற்காலத்தில் கூறினார். அந்த ஹிட்சிங்ஸ் 1988-ல் மருத்துவ நோபல் பரிசு பெற்றவர்.

1940-ல் சுப்பாராவ் நியூயார்க் மாகாணத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி என்ற மருந்து நிறுவனத்துக்கு மாறினார். இரண்டே ஆண்டுகளில் அதன் ஆராய்ச்சிப் பிரிவுக்கே இயக்குநர் ஆனார். சகோதரர்களைக் கொன்ற நோயின் பக்கம் திரும்ப, இப்போது அவரிடம் ஆட்கள் இருந்தார்கள், வசதி இருந்தது.

ஈரலுக்குள் இருந்த மருந்து

1926-ல் பாஸ்டனில் மைனாட், மர்ஃபி என்ற இரண்டு மருத்துவர்கள் ஒரு விஷயத்தைக் காட்டியிருந்தார்கள். கொடிய ரத்தசோகை வந்தவர்களுக்கு தினமும் நிறைய ஈரல் சாப்பிடக் கொடுத்தால் உயிர் பிழைக்கிறார்கள். ஈரலில் இருக்கும் அந்தப் பொருள் எது என்பது தெரியவில்லை. உலகமே தேடியது.

இதில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாயில் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு வந்த ரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட்டில் இருந்து செய்யும் மார்மைட் என்ற மலிவான உணவு அதைச் சரிசெய்வதை 1931-ல் வெளியிட்டார். 1941-ல் அமெரிக்காவில் நான்கு டன் பசலைக் கீரையில் இருந்து ஒரு சத்தைப் பிரித்தெடுத்து, இலை என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லில் இருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள்.

ஆனால் டன் கணக்கில் கீரையையும் ஈரலையும் அரைத்து மாத்திரை செய்ய முடியுமா? சுப்பாராவின் குழு 1945-ல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டியது. சீக்கிரமே ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் கிடைத்தது.

இதற்கும் செல்லின் சக்திக்கும் என்ன தொடர்பு? புதிய செல் உருவாக வேண்டுமானால் டிஎன்ஏ-வை நகல் எடுக்க வேண்டும். அதற்கு ஃபோலிக் அமிலம் அவசியம். உடம்பில் வேகமாகப் புதுப்பிக்கப்படுபவை இரண்டு. ஒன்று ரத்த சிவப்பணு. இன்னொன்று குடலின் உள்சுவர். சிவப்பணு குறைந்தால் மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஆக்சிஜன் போகாது, ஏடிபி உற்பத்தி குறையும், மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். குடல்சுவர் சிதைந்தால் ஃபோலிக் அமிலமே உள்ளே போகாது. நோய் நோயை வளர்க்கும். ஸ்ப்ரூ ஏன் ஆளையே கொன்றது என்பதற்கு விடை இந்தச் சுழலில் இருந்தது. சுப்பாராவின் சகோதரர்களுக்கு அது சுமார் கால் நூற்றாண்டு தாமதம்.

சத்தைத் தடுத்தால் புற்றுநோய் அடங்குமா?

இங்கேதான் கதையில் பெரிய திருப்பம். புற்றுநோய் செல்களும் வேகமாகப் பெருகுபவை. அவற்றுக்கும் ஃபோலிக் அமிலம் தேவை. அப்படியானால் அதே மாதிரி தோற்றம் கொண்ட, ஆனால் வேலை செய்யாத ஒரு டூப்ளிகேட்டைக் கொடுத்து செல்லை ஏமாற்றினால்?

லெடர்லியில் அப்படிப்பட்ட மூலக்கூறுகளைத் தயாரித்து, பாஸ்டனில் குழந்தைகள் மருத்துவர் சிட்னி ஃபார்பருக்கு அனுப்பினார்கள். லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு அன்றைக்கு எந்த மருந்தும் கிடையாது. அமினோப்டெரின் என்ற மருந்தை 16 குழந்தைகளுக்குக் கொடுத்ததில், 10 பேருக்குத் தற்காலிகமாக முன்னேற்றம் தெரிந்தது. 1948 ஜூனில் இது வெளியானது. நிரந்தர குணம் இல்லைதான். ஆனாலும் லுகேமியாவை மருந்தால் பின்வாங்க வைக்க முடியும் என்பதே அன்றைக்குப் புதுசு.

அமினோப்டெரினின் நெருங்கிய உறவுதான் மெத்தோட்ரெக்ஸேட். குழந்தைகளின் லுகேமியா, முடக்குவாதம், சொரியாசிஸ் எனப் பலவற்றுக்கு இன்றும் மருத்துவர்கள் எழுதிக்கொடுக்கிறார்கள்.

இதே காலத்தில் அவர் தலைமையில் இயங்கிய ஆய்வகத்தில் இருந்து இன்னும் இரண்டு மருந்துகள் வந்தன. ஒன்று, பெஞ்சமின் டக்கர் கண்டுபிடித்த ஆரியோமைசின். டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாட்டிக்குகளில் முதலாவது. இன்னொன்று யானைக்கால் நோய்க்கான டிஇசி. தமிழ்நாட்டில் வீடு வீடாக வந்து சுகாதாரப் பணியாளர்கள் கொடுத்த யானைக்கால் தடுப்பு மாத்திரை இதுதான்.

திரும்பாத பயணம்

1948 ஆகஸ்டில், நியூயார்க்கில் தூக்கத்திலேயே சுப்பாராவ் இறந்தார். மாரடைப்பு. வயது 53.

1922-ல் கப்பல் ஏறியவர் ஒருமுறைகூட ஊருக்குத் திரும்பவில்லை. மனைவி சேஷகிரி அவரை மறுபடி பார்க்கவேயில்லை. அவர் போன பிறகு பிறந்த மகன் குழந்தையிலேயே இறந்துபோனான். அந்தக் குழந்தையை அப்பா பார்த்ததில்லை. உலகத்துக்கு அவர் கொடுத்ததைப் பேசும்போது, அதற்கு வீட்டில் இருந்தவர்கள் கொடுத்த விலையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கால் நூற்றாண்டு அமெரிக்காவில் இருந்தும் அந்த நாட்டுக் குடியுரிமையை அவர் வாங்கவில்லை. 1946 வரை இந்தியர்களுக்கு அது கிடைக்கவே வழியில்லை. சட்டம் மாறிய பிறகும் அவர் எடுக்கவில்லை. அவர் நினைவாக ஒரு பூஞ்சை இனத்துக்கு சுப்பாரோமைசிஸ் என்று பெயர் வைத்தார்கள். நூற்றாண்டை ஒட்டி 1995-ல் இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது.

இன்று நமக்கு என்ன பாடம்?

சுப்பாராவின் ஆய்வுகளில் இருந்து, தினசரி சாப்பாட்டுக்கு எடுத்துக்கொள்ளக்கூடிய சில விஷயங்கள்:

காபி: ஃபில்டர் காபி ஏடிபி-யைத் தயாரிக்காது. ஏடிபி உடைந்து உருவாகும் அடினோசின் மூளையில் சேரும்போது தூக்கம் வருது. காஃபின் அந்தச் சிக்னலைத் தடுக்கிறது, அவ்வளவுதான். களைப்பு மறையுது, சக்தி கூடலை. எனர்ஜி டிரிங்க்கிலும் பெரும்பாலும் இதே காஃபினும் சர்க்கரையும்தான்.

கிரியேட்டின் பவுடர்: தி.நகர், அடையாறு ஜிம்களில் பேசப்படும் கிரியேட்டின், பாஸ்போகிரியேட்டினின் மூலப்பொருள். உடம்பு தானே தயாரிக்கும். மீன், இறைச்சியிலும் கிடைக்கும். பவுடர் எடுத்தால் ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் அளவு கொஞ்சம் கூடித் தெரியலாம். சிறுநீரகப் பிரச்னை இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடக்கூடாது.

கீரையும் பருப்பும்: ஃபோலேட் கிடைக்க முருங்கைக்கீரை, பசலைக்கீரை, பாசிப்பயறு, கொண்டைக்கடலை எல்லாம் நல்ல வழி. அதிக நேரம் கொதிக்கவிட்டு, வடித்த தண்ணீரைக் கீழே ஊற்றினால் சத்தில் ஒரு பகுதி அதோடு போய்விடும்.

மீன், முட்டை, பால்: பி12 தாவர உணவில் இயல்பாகக் கிடைக்காது. பட்டினப்பாக்கம், நொச்சிக்குப்பம் கரையில் விற்கும் மத்தி மாதிரி மீன்களில் நிறைய இருக்கு. சைவம் சாப்பிடுபவர்களுக்குப் பாலும் தயிரும் உதவும். அதையும் தவிர்ப்பவர்கள் மருத்துவரிடம் பி12 பற்றிப் பேசுவது நல்லது.

ஃபோலிக் அமில மாத்திரை: கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்தோடு சேர்த்துக் கொடுப்பதும், பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல நிற மாத்திரையும் இதுதான். கருத்தரிக்கும் முன்பே தொடங்கினால் குழந்தையின் முதுகுத்தண்டுக் குறைபாடுகளைப் பெருமளவு தடுக்கலாம்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. ஈரலில் எல்லோரும் தேடிய ரத்தசோகை மருந்து உண்மையில் ஃபோலிக் அமிலம் அல்ல. அது பி12. சுப்பாராவ் இறந்த அதே 1948-ல்தான் அது தனியாகப் பிரித்தெடுக்கப்பட்டது. பி12 குறைபாடு இருப்பவர் ஃபோலிக் அமிலம் மட்டும் சாப்பிட்டால் ரத்தம் தேறிவிடும், ரிப்போர்ட் நன்றாக வரும். ஆனால் நரம்பு பாதிப்பு உள்ளுக்குள் தொடரும். கை கால் மரத்துப்போவது, தள்ளாட்டம், மறதி என்று பின்னால் வரும். அதனால் எப்பவும் களைப்பாக இருக்குன்னு மெடிக்கலில் போய் நீங்களே பி காம்ப்ளெக்ஸ் வாங்கிப் போடுவதற்கு முன், ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். செல்லுக்கு எந்தச் சத்து குறைகிறது என்று முதலில் தெரிய வேண்டும். சுப்பாராவ் வாழ்நாள் முழுக்கத் தேடியதும் அதைத்தான்.